ட்ரெபிள் குமிழில் இரண்டு புள்ளிகள்

ஏணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். இட்லிக் குண்டானைக் கொடுக்கலாம். அவசரம் என்றால் ஸ்கூட்டர் சாவியைக்கூட நீட்டிவிடலாம். ஆனால், பாட்டுக் கேட்கிற ஸ்டீரியோ செட்டை இரண்டு குடும்பங்கள் பணம் போட்டு வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ள முடியுமா? 'ஆறு மாசம் தாங்காது' என்றுதான் 1990-ல் எங்கள் வீட்டுப் பெண்கள் இருவரும் சொன்னார்கள். 35 வருடம் ஓடிவிட்டது. டர்ன்டேபிளின் பெல்ட்டை ஐந்து முறை மாற்றியிருக்கிறோம், ஸ்பீக்கரின் ஃபோமை இரண்டு முறை. பங்காளிகள் மாறவில்லை.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் வீடு. கீழ் போர்ஷனில் நாங்கள், மாடியில் அண்ணன் குடும்பம். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஏழு வயது பெரியவர், குடிவந்த முதல் வாரமே என்னைத் 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தவர். எண்ணூர் போகிற வழியில் ஒரு தொழிற்சாலையின் ஃபோர்ஜிங் ஷாப்பில் அவருக்கு வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சதச் சம்மட்டிக்கு அடியில் வைத்து அடித்து வடிவத்துக்குக் கொண்டுவருகிற இடம். எனக்குத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பேப்பர் வேலை.

வடசென்னை என்றதும் கானாவைத் தவிர வேறு இசை இருக்காது என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கானா எங்கள் சொத்துதான், சந்தேகமில்லை. ஆனால், இதே திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியவர் தியாகராஜர். அவருடைய சீடர் வீணை குப்பையர், அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் எல்லாம் இந்த மண்ணோடு சேர்ந்த பெயர்கள்தான். நல்ல சத்தத்தை ருசி பார்க்கிற காது மயிலாப்பூருக்கு மட்டும் அளந்து கொடுக்கப்பட்டதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் ஜப்பான் சாமான்களை நாங்கள் மவுண்ட் ரோடுக்காரர்களுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டோம். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் பிழைப்பதற்காக 1969-ல் உருவான பர்மா பஜார், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே நீண்டு கிடக்கும். டூ-இன்-ஒன், வாக்மேன், டெக் என்று கப்பலில் வந்தது எல்லாம் அங்கே கிடைக்கும். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வரிசையை ஒரு நடை நடந்துவிட்டுத்தான் ஆபீசுக்குத் திரும்புவேன். வாங்கக் காசு இருக்காது. பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டார்களே!

அங்கேதான் ஒருநாள் அந்த செகண்ட் ஹேண்ட் ஜப்பான் டர்ன்டேபிளைப் பார்த்தேன். சாயங்காலம் மாடிக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு அந்த மாதம்தான் சீட்டு விழுந்திருந்தது. அண்ணி அந்தப் பணத்துக்கு வேறு கணக்கு வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆளுக்குப் பாதி போட்டோம். ஆம்பிளிஃபையர் கல்கத்தாவில் தயாரான சோனோடைன். ஸ்பீக்கருக்கு உள்ளே இருக்கும் சமாசாரத்தை ரிச்சி தெருவில் வாங்கி, பெட்டியை எங்கள் தெரு ஆசாரியிடம் கனமான பிளைவுட்டில் அடித்து வாங்கினோம். மர பீரோ செய்கிறவருக்கு ஸ்பீக்கர் பெட்டியில் ஏன் இடுக்கே இருக்கக்கூடாது என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு அவர் அடைத்த அடைப்பில் இன்றுவரை காற்று கசியவில்லை.

பொதுச் சொத்து என்றால் சட்டம் வேண்டும். 40 பக்க நோட்டில் எழுதினோம். செட் கீழ் போர்ஷன் ஹாலில் இருக்கும். ஊசி, பெல்ட், ரிப்பேர் செலவு பாதிப் பாதி. ரெக்கார்டு அவரவர் சொந்தம், ஆனால் யாரும் யாருடையதையும் போடலாம். முறுக்கு தின்ற கையோடு தொடக்கூடாது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் இரவல் கிடையாது. கடைசிச் சட்டத்தால் இரண்டு பக்கச் சொந்தக்காரர்களும் எங்களோடு கொஞ்சநாள் பேசவில்லை.

நோட்டில் எழுத மறந்தது நாற்காலி. ஸ்டீரியோ என்பது இரண்டு பேருக்கான ஏற்பாடு இல்லை என்பது செட்டை மாட்டிய அன்று ராத்திரிதான் புரிந்தது. இரண்டு ஸ்பீக்கரும் கேட்கிறவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளில், ஏறக்குறைய சம தூரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பாடுகிறவர் நடுவில் நிற்பதுபோலவும், வயலின்கள் ஒரு பக்கமும் தபேலா ஒரு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருப்பதுபோலவும் கேட்கும். நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டால் பாடகர் பக்கத்து ஸ்பீக்கருக்குள் புகுந்துவிடுவார். தமிழில் ஸ்டீரியோ பாட்டு என்றால் முதலில் பேசப்படும் 'பிரியா' (1978) ரெக்கார்டைத்தான் அன்று போட்டோம். இரண்டு பேரும் அந்த ஒரே இடத்துக்காகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் சத்தத்தை மீறிக் கேட்டது.

கடைசியில் எல்.பி.யே தீர்ப்புச் சொன்னது. ஒரு பக்கம் ஓட சுமார் 20 நிமிடம். முதல் பக்கத்துக்கு அவர் நடு நாற்காலி, இரண்டாம் பக்கத்துக்கு நான். ரெக்கார்டைத் திருப்பிப் போடுகிறவர் நாற்காலியில் உட்காருவார். வண்டி ஓடியது.

எங்கள் பேட்டையில் ஹை-ஃபை வைத்துக் காப்பாற்றுவது தனிக் கலை. பகலெல்லாம் கன்டெய்னர் லாரி. வீட்டைத் தாண்டும்போது தரை அதிரும், ஊசி இரண்டு வரி தாண்டிக் குதிக்கும். அண்ணன் தொழிற்சாலை மூளையோடு யோசித்தார். ஒரு கடப்பாக்கல் பலகை, அதற்கு அடியில் பாதிக் காற்றடித்த சைக்கிள் ட்யூப், மேலே டர்ன்டேபிள். அதிர்ச்சியை ட்யூப் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைக் கல்லின் கனம் அமுக்கிவிடும். அந்த ட்யூபுக்கு மாதம் ஒருமுறை காற்றடிப்பது இன்றும் எங்கள் வீட்டுச் சடங்குகளில் ஒன்று.

அடுத்தது உப்புக் காற்று. கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன பாடு படும் என்று உங்களுக்குத் தெரியும். அதே பாட்டை ஆம்பிளிஃபையருக்குள் இருக்கும் செம்பும் படும். ஒயர் முனையில் பச்சை பூக்கும், வால்யூமைத் திருகினால் கரகரவென்று இருமும். வருடத்துக்கு இரண்டு முறை எல்லா முனைகளையும் பிரித்துத் துடைத்து மாட்டுவோம்.

ராயபுரத்து மாமா எனக்குக் கொடுத்த ரெக்கார்டுகளில் வேறொரு வியாதி இருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பக்கத்து வீடுகளில் மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டி சாம்பல் நிறமாகத் திரும்பி வரும். அந்தக் கரித்தூள் ரெக்கார்டின் வரிகளுக்குள்ளும் இறங்கியிருந்தது. 2011-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்கு மாறியது. ராயபுரத்து வேட்டிகள் பிழைத்தன. எண்ணூர்க்காரர்களிடம் இதைப்பற்றிக் கேட்டால் அவர்கள் வேறு கதை சொல்வார்கள்.

இப்படியே எல்லாம் சரியாகப் போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அண்ணன் 2013-ல் ரிட்டயர் ஆனார். அதற்குச் சில வருடங்கள் கழித்து, 'ஊசி தேஞ்சுடுச்சு தம்பி' என்றார். நாங்கள் அடிக்கடி போடும் ஒரு பழைய பாட்டு, தொடக்கத்திலேயே சலங்கை நான்கு முறை வரும். அது மங்கலாகிவிட்டது என்றார். எனக்குப் பளிச்சென்று கேட்டது. இருந்தாலும் ஊசி பழையதுதானே என்று மாற்றினோம். அவருக்குச் சலங்கை வரவில்லை. ரிச்சி தெருவுக்கு ஆம்பிளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போய், வயதான கெப்பாசிட்டர்களை மாற்றிக்கொண்டு வந்தோம். அப்போதும் வரவில்லை. அவர் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற ஆரம்பித்தார். நான் என் முறை வரும்போது இறக்குவேன். அவர் முறை வரும்போது அது மறுபடி மேலே போயிருக்கும். அவர் வைத்த இடத்தில் 'ச', 'ஸ' எல்லாம் என் காதில் குண்டூசி மாதிரி குத்தும். என் மனைவி ஹாலை விட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார்.

ஸ்பீக்கரை மாற்றலாம் என்று அவர் சொன்ன அன்று, 'ண்ணா, செட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சலங்க நல்லா கேக்குது' என்றேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போனார். மூன்று வாரம் கீழே இறங்கவில்லை. 27 வருடத்தில் அதுதான் நீளமான இடைவெளி. நாற்காலி சும்மா கிடந்தது. எனக்குத் தனியாக உட்கார்ந்து கேட்கப் பிடிக்கவில்லை, ஆகவே செட்டும் சும்மா கிடந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தது, லீவுக்கு வந்திருந்த என் பேத்தி. போனில் ஒரு ஆப் இறக்கி, ஒரே சுரத்தை மெல்லியதாகவும் கனமாகவும் ஒலிக்கவைத்து எல்லாருடைய காதையும் சோதித்துக்கொண்டிருந்தாள். மனிதக் காது குழந்தைப் பருவத்தில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயதாக ஆக மேல் முனை குறைந்துகொண்டே வரும். அவளுக்கு 16,000 கேட்டது. நான் 10,000-ஐத் தாண்டவில்லை. 'மாடி தாத்தாவையும் கூப்பிடறேன்' என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். குழந்தை கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா?

அவர் போனைக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 8,000. அப்படியே உட்கார்ந்திருந்தார். 6,000. அப்படியே. 4,000. 'எப்பம்மா போடுவே?' என்றார். 'ஓடிக்கினுதான் இருக்கு தாத்தா' என்றாள் அவள். மாடிப்படியில் நின்றிருந்த அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். 2,000-க்கு இறங்கியபோதுதான் அவர் கையைத் தூக்கினார்.

மறுவாரம் ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறை, காதில் ஹெட்போன், சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அதை ஒரு வரைபடமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள், ஆடியோகிராம் என்று பெயர். கோடு 25 டெசிபலுக்குள் ஓடினால் சாதாரணக் காது. அண்ணனுடைய கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரை சமதரையில் நடந்து, பிறகு சரிந்து, 4,000-ல் கிணற்றில் விழுந்ததுபோல 60-க்குக் கீழே போய், 8,000-ல் கொஞ்சமே கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வயதைக் கேட்கவில்லை. 'எங்கே வேலை பார்த்தீங்க?' என்றுதான் கேட்டார்.

வயதால் போகிற காது உச்சியிலிருந்து படிப்படியாகச் சரியும். இரைச்சலால் போகிற காதோ முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். உட்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட இடத்தில் மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. அவைதான் சத்தத்தை மூளைக்கு அனுப்பும் தபால்காரர்கள். ஒருமுறை செத்தால் மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான் நிற்கலாம். நம் நாட்டு விதியில் எட்டு மணி நேரத்துக்கு 90 வரை அனுமதி. ஃபோர்ஜிங் ஷாப்பின் சம்மட்டி 100-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அண்ணன் அங்கே நின்றது முப்பது வருடத்துக்கு மேல்.

'காதுல வெக்க எதுவும் குடுக்கலியா?' என்று டாக்டர் கேட்டதற்கு, 'மெஷின் தொடைக்கிற பஞ்ச அடைச்சிக்குவோம் சார்' என்றார் அண்ணன். பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. பிற்காலத்தில் ரப்பர் அடைப்பான் கொடுத்தார்களாம். கிரேன் மணி கேட்காமல் போய்விடுமே என்ற பயத்தில் பாதிப்பேர் போடவில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் தொழில் சார்ந்த நோயாகப் பட்டியலில் இருந்தது. கண்டுபிடிக்கிற மருத்துவர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. வேலையில் இருந்த காலத்தில் அண்ணனிடம் இதை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் தெருவிலேயே டி.வி.யை அலறவிடும் பெரியவர்கள் நாலைந்து பேர். பெரும்பாலும் ஷாப் ஃப்ளோர் ஆட்கள். 'செவிட்டுக் கெழம்' என்று வீட்டிலேயே திட்டுவாங்கிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், திட்டுவதற்கு முன் ஒருமுறை அந்தக் கண்ணாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தண்டையார்பேட்டை தாண்டும்போது, 'அப்ப ஊசி நல்லாத்தான் இருந்திருக்கு' என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி கீழே வந்தார். நாற்காலியில் உட்காராமல் ஆம்பிளிஃபையர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பேத்தியின் நகப் பாலிஷைக் கேட்டு வாங்கி, ட்ரெபிள் குமிழைச் சுற்றி இரண்டு புள்ளிகள் வைத்தார். நடுவில் ஒன்று, 'இது உனுது'. வலது கோடியில் ஒன்று, 'இது என்துது'. வால்யூமுக்கும் ஒரு புள்ளி வைத்தார், அதைத் தாண்டக்கூடாது. மிச்சமிருக்கும் காதையாவது காப்பாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோஸ் நிறப் பாலிஷ். 35 வருடச் செட்டில் வேறெங்கும் கீறல்கூடக் கிடையாது. அந்த மூன்று புள்ளிகளும் விளக்கு வெளிச்சத்தில் மினுக்கிக்கொண்டு இருக்கும்.

குமிழ் கடைசிவரை போனாலும் 10 டெசிபல் அளவுக்குத்தான் ஏற்றித் தரும். 60 டெசிபல் பள்ளத்தில் அது ஒரு கூடை மண். அவருக்கும் இது தெரியும். காது மெஷின் வாங்கியாயிற்று, பேச்சுக்கு நன்றாக உதவுகிறது, பேரப்பிள்ளைகள் சொல்வது புரிகிறது. பாட்டுக்கு அது தோதுப்படவில்லை, பேச்சை எடுத்துக்கொடுப்பதற்காகத்தான் அந்த மெஷின்களைப் பெரும்பாலும் அமைக்கிறார்கள். ஆகவே, செட் முன்னால் உட்காரும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

சலங்கைப் பாட்டைப் போட்டால் மட்டும் ஒரு ஏற்பாடு உண்டு. நான் அவர் பார்வையில் படுகிற மாதிரி உட்கார வேண்டும். சலங்கை வரும்போது விரலைத் தூக்க வேண்டும். நான்கு முறை. அவர் என் விரலைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். 'மனசுல கேக்குது தம்பி, எடம் மட்டும் தப்பாம இருக்கணும்' என்றார் ஒருநாள். அந்தப் பாட்டை அவர் நல்ல காதோடு இருபது வருடத்துக்கு மேல் கேட்டவர். எத்தனையாவது நொடியில் எந்தப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வரும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் விரல் வேண்டும்.

என் காதுக்கும் ஒரு வழி கிடைத்தது, அதுவும் தற்செயலாக. அவர் முறையின்போது, குத்தல் தாங்காமல் வராண்டாவில் போய் உட்கார்ந்தேன். அங்கே பாட்டு அருமையாகக் கேட்டது. கனமான சத்தம் மூலை திரும்பி, சுவரைச் சுற்றி எங்கும் வரும். மெல்லிய, கூரான சத்தமோ டார்ச் லைட் மாதிரி நேராகத்தான் போகும். கதவும் திரைச்சீலையும் அதில் பாதியைத் தின்றுவிடும். அவர் கூட்டிவைத்ததை வாசல் கழித்துவிடுகிறது. ஹால் நாற்காலியில் அவருக்குச் சரி, வராண்டா நாற்காலியில் எனக்குச் சரி. முதல் பக்கம் முடிந்து ஊசி கடைசி வரியில் சுற்றிக்கொண்டிருக்கும் டிக் டிக் சத்தம் கேட்டதும் நான் உள்ளே போய்த் திருப்பிப் போடுவேன். குமிழ் என் புள்ளிக்கு வரும். அவர் மெஷினை மாட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்க் கன்டெய்னர் லாரிகளை எண்ணுவார்.

போன மாதம் புது ஊசி வாங்கினோம். 'எனக்குப் பாதிதான் கேக்குது, அதனால பாதிக்குப் பாதிதான் குடுப்பேன்' என்று பிடிவாதம் பிடித்தார். அண்ணி மாடியிலிருந்து, 'அப்ப சீட்டுப் பணத்துல பாதிக்குப் பாதியை எனக்குக் குடுங்க' என்று குரல் கொடுத்தார். 1990-ன் கணக்கு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. முழுப் பாதியும் கைக்கு வந்துவிட்டது. நோட்டில் வரவு எழுதிவிட்டேன். அந்த நோட்டில் இன்னும் ஏழு பக்கம் பாக்கி இருக்கிறது.